நெல்லை அவுரி: இலை பறிப்பதும் பதமாக உலர்த்துவதும்

இரண்டு விவசாயிகள். பக்கத்துப் பக்கத்து நிலம், ஒரே விதை, ஒரே பட்டம். இருவரும் ஒரே வாரத்தில் அவுரி இலையை தூத்துக்குடிக்கு கொண்டு போகிறார்கள். ஒருவருடைய சரக்கை வியாபாரி கையில் எடுத்துப் பார்த்து, நசுக்கி, முகர்ந்துவிட்டு எடை போடச் சொல்கிறார். மற்றவருடையதைப் பார்த்து, "இது இரண்டாம் தரம்" என்று ஒதுக்கி வைக்கிறார். இப்படி ஒதுக்கப்பட்டவர்கள் என்னிடம் வந்து, "நிலத்தில் ஏதாவது சத்துக் குறைவா? என்ன உரம் போடலாம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் நிலத்தின் மேல் குற்றம் இருப்பதில்லை. செடியில் நன்றாக இருந்த இலை, பறித்த பிறகு வந்த பத்து நாளில் கெட்டிருக்கும்.

உலக மருந்துச் சந்தையில் 'டின்னவேலி சென்னா' என்று நம் ஊர்ப் பெயரிலேயே விற்கும் பொருள் இது. சூடான், எகிப்து பகுதியிலிருந்து போகும் இலைக்கு 'அலெக்சாண்டிரியா சென்னா' என்று பெயர். நூல்களில் நிலாவாரை, நிலவாகை என்ற பெயர்கள் உண்டு. நம் கரிசல் காட்டில் அவுரி என்று சொன்னால்தான் புரியும். இதில் ஒரு குழப்பமும் உண்டு. நீலச் சாயம் எடுக்கும் செடிக்கும் அவுரி என்றே பெயர். அது வேறு செடி. விதை வாங்கும்போது எந்த அவுரி என்று கேட்டு வாங்குங்கள். அரேபியப் பகுதியிலிருந்து வந்த செடி சென்னா. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பாளையங்கோட்டைப் பக்கம் ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் இதைப் பயிரிட்டது பழைய மருந்துப் பொருள் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அன்று தொட்டு நெல்லைச் சீமையின் பெயர் இந்த இலையோடு ஒட்டிக்கொண்டது.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் இருக்கும்போது அவுரியைத் தேடுபவர் குறைவு. தண்ணீர் எட்டாத மேட்டு நிலம், கடைமடைக் குளம் நிரம்பாத வருடம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி, சங்கரன்கோவில், நாங்குநேரி பக்கத்து மானாவாரி நிலங்கள் ஆகியவற்றுக்கு இது கைகொடுக்கும் பயிர். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்த கே.கே.எம்.1 ரகம் நம் பகுதிக்கு ஏற்றது. இறவையில் ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ காய்ந்த இலையும், மானாவாரியில் 200 முதல் 400 கிலோவும் எதிர்பார்க்கலாம். சாகுபடி முறைகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. பறிப்பிலும் உலர்த்தலிலும்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். அதனால் இங்கே அதை மட்டும் பார்ப்போம்.

எப்போது பறிப்பது?

விதைத்த 60 முதல் 70 நாட்களில் முதல் பறிப்பு. 90 முதல் 100 நாட்களில் இரண்டாவது. 130 முதல் 150 நாட்களில் மூன்றாவது. நாளை மட்டும் எண்ணிக்கொண்டு இறங்க வேண்டாம். இலை முழுதாக வளர்ந்து, தொட்டால் தடிப்பாக, லேசான நீலம் கலந்த பச்சையாக இருக்க வேண்டும். அதுதான் பதம்.

இலையில் மருந்துச் சரக்காக இருப்பது சென்னோசைடு என்ற வேதிப்பொருள். இளம் இலையில் அது கூடுதலாக இருக்கும். செடி பூத்துக் காய் பிடிக்கத் தொடங்கினால் இலையில் குறைந்துகொண்டே வரும். "இன்னும் பத்து நாள் விட்டால் எடை கூடுமே" என்று நினைப்பது இயல்புதான். எடை கூடலாம். ஆனால் அடி இலை பழுத்து மஞ்சளாகி உதிரும், சத்தும் இறங்கும். முதலில் வரும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடித்து இலை பெருகும். இலைக்காக வைத்த நிலத்தில் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

ஐரோப்பிய மருந்தியல் தரப்படி இலையில் இந்த மருந்துப்பொருள் குறைந்தது 2.5 சதவீதம் இருக்க வேண்டும். ஏற்றுமதியாளர் ஆய்வகத்தில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். நம் கண்ணுக்குத் தெரிவது நிறம். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். எப்போதும் அப்படி இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பறிப்பு நாளில் பனி காய்ந்த பிறகு, காலை எட்டரை ஒன்பது மணிக்கு மேல் தொடங்குங்கள். பனி ஈரத்தோடு பறித்த இலை கறுக்கும். மழை பெய்தால் இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு நிலத்தில் இறங்கலாம். கையால் உருவிப் பறிப்பதே நல்லது. கூலி மிச்சம் என்று தண்டோடு அறுத்துப் போட்டால், தண்டு காயத் தாமதமாகி இலையையும் கெடுக்கும். பிறகு தண்டு பொறுக்கவும் ஒரு கூலி ஆகும்.

பறிக்கும் முன்பே களை

பறிப்புக்கு இரண்டு நாள் முன்னால் நிலத்தைச் சுற்றி வந்து களையைப் பிடுங்கிவிடுங்கள். முன்பு களை என்றால் எடைப் பிரச்சினை மட்டும்தான். இப்போது கதை வேறு. தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நஞ்சு இருக்கிறது. அது கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பாவில் மூலிகைப் பொருட்களில் இந்த நஞ்சு மிகச் சிறிய அளவில் இருக்கிறதா என்றுகூடச் சோதிக்கிறார்கள். ஒரு மூட்டையில் ஒன்றிரண்டு தேள்கொடுக்குச் செடி விழுந்து, அரைத்து, மொத்த லாரிச் சரக்கோடு கலந்தால் அந்தச் சரக்கு முழுவதற்கும் ஆபத்து. பறிக்க வரும் பெண்களுக்கு இந்தச் செடிகளை வரப்பிலேயே காட்டிக்கொடுங்கள். காய்ந்த பிறகு பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

ஆவாரை இலை கலந்துவிடுவதும் உண்டு. வேலியோரம் தானாக நிற்கும் செடி அது. வேண்டுமென்றே கலப்பவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவர்களை ஆய்வகம் எளிதில் பிடித்துவிடும்.

பச்சைப்புழு, குறிப்பாக வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழு, இலையைத் தின்னும். இலையே விற்பனைப் பொருள் என்பதால் பறிப்பு நெருங்கும் சமயத்தில் ரசாயன மருந்து வேண்டாம். கையால் பொறுக்குங்கள், அல்லது வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள்.

முதல் ஆறு மணி நேரம்

இலையைப் பறித்து சாக்கில் அமுக்கிக் கட்டி, மாலையில் வண்டி வரும் வரை நிலத்திலேயே வைத்திருப்பார்கள். அந்தச் சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள், சூடு தெரியும். பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது. அந்தச் சூட்டில் வெந்து நடுமூட்டை இலை கறுத்துவிடும். என்ன செய்தாலும் அது பழைய நிறத்துக்குத் திரும்பாது. அகலமான ஓலைப்பெட்டியிலோ வலைச் சாக்கிலோ தளர்வாகப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை களத்துக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

களத்தில் சுத்தமான தார்ப்பாய் மேல் மெல்லிய அடுக்காகப் பரப்பி, மேல் ஈரம் போக அன்று சில மணி நேரம் வெளியில் கிடக்கலாம். பிறகு காற்றோட்டமான நிழலுக்கு மாற்ற வேண்டும்.

நிழல் ஏன்?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். "வெயிலில் போட்டால் இரண்டு நாளில் காயும், நிழலில் பத்து நாளா?" என்று கேட்காத விவசாயி இல்லை.

உலர்த்துவது என்றால் தண்ணீரை வெளியேற்றுவது என்றுதான் நினைக்கிறோம். அவுரியில் அதற்கு மேலும் ஒன்று நடக்கிறது. பச்சை இலையில் மருந்துப்பொருள் முழு உருவில் இல்லை. அதன் பாதிப் பாதித் துண்டுகள்தான் இருக்கின்றன. இலை மெதுவாகக் காயும்போது இலைக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அந்தப் பாதிகளை இரண்டிரண்டாக இணைத்து சென்னோசைடாக மாற்றுகின்றன. 1970களில் பெல்ஜியத்தில் செய்த ஆய்வு இதைக் காட்டியது. இந்த வேலை நடக்க 20 முதல் 50 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதற்கு மேல் போனால் நொதி செத்துவிடும். பால் தயிராவதற்கு இளஞ்சூடு வேண்டும். கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டாலே சொல்வார்கள். அதேதான் இது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சரியாக உணராமல் ஒரு தவறு செய்தேன். பிளாஸ்டிக் கூடாரம் போட்ட சூரிய உலர்த்தியில் அவுரி இலையை வைத்து, கதவுகளை நன்றாக மூடி, ஒன்றரை நாளில் காய வைத்துவிட்டேன். இலை பச்சைப்பசேல் என்று கண்ணாடி மாதிரி நொறுங்கியது. விவசாயிகளைக் கூட்டி பெருமையாகக் காட்டினேன். பிறகு ஆய்வக முடிவு வந்தது. களத்தில் நிழலில் காய்ந்த சாதாரண இலையைவிட அதில் மருந்துப்பொருள் குறைவு. கூடாரத்துக்குள் மதியம் என்ன வெப்பம் என்று நான் அளக்கவே இல்லை. வைகாசி வெயிலில் மூடிய கூடாரம் எளிதாக 60 டிகிரியைத் தாண்டும். நிறம் நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு போனது.

எனவே சூரிய உலர்த்தி இருப்பவர்கள் உள்ளே ஒரு வெப்பமானி தொங்கவிடுங்கள். 40 டிகிரியை ஒட்டி நிற்கும்படி காற்றுத் துளையைத் திறந்து வையுங்கள். விசிறி இருந்தால் நல்லது. இயந்திர உலர்த்திக்கும் 40 டிகிரிதான் பரிந்துரை.

தார்ச்சாலையில் போடுவது எல்லாவற்றிலும் மோசம். கோடையில் தார்ச்சாலையில் செருப்பில்லாமல் நம்மால் கால் வைக்க முடியாது, இலை மட்டும் எப்படித் தாங்கும்? அதோடு டயர் தூசி, எண்ணெய், புகைக்கரி, ஆட்டுப்புழுக்கை. காய்ந்த இலையைக் கழுவ முடியாது என்பதை நினைவில் வையுங்கள். நாம் விற்பது வெளிநாட்டில் யாரோ ஒரு நோயாளி வெந்நீரில் போட்டு அப்படியே குடிக்கப்போகும் பொருள்.

எவ்வளவு இடம் வேண்டும்?

பத்து சதுர அடிக்கு ஒரு கிலோ பச்சை இலை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 150 கிலோ பறித்தால் 1,500 சதுர அடி பரப்பு வேண்டும். மலைப்பாக இருக்கும். ஆனால் மூங்கில் சட்டத்தில் நைலான் வலை கட்டி ஐந்து அடுக்குத் தட்டு செய்தால் 300 சதுர அடி பந்தலுக்குள் அடங்கிவிடும். காற்று மேலும் கீழும் போவதால் தரையில் போட்டதைவிடச் சீக்கிரமும் காயும். தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்த பந்தல் போதும். தகரக் கூரை என்றால் உயரமாகப் போடுங்கள், தாழ்ந்த தகரத்தின் கீழ் அடுப்பு மாதிரி இருக்கும்.

பந்தல் கொள்ளும் அளவுக்குத்தான் பறிக்க வேண்டும். ஆள் கிடைத்தார்கள் என்று ஒரே நாளில் முழு நிலத்தையும் பறித்துவிட்டு, இடம் இல்லாமல் முழங்கால் உயரத்துக்குக் குவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் குவியலுக்குள்ளிருந்து புளித்த வாடை வந்தது.

முதல் இரண்டு நாள் காலையும் மாலையும் மரப்பலகை வாரியால் மெல்லத் திருப்பிவிடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து திருப்புவதைக் குறைத்துக்கொள்ளலாம், அதிகம் கிளறினால் இலை நொறுங்கும். மிதிக்கக் கூடாது. பங்குனி, சித்திரையில் ஐந்தாறு நாளிலேயே காய்ந்துவிடும். மார்கழி, தையில் 10 முதல் 12 நாள் ஆகும். ஆனி, ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக வரும் காற்று நல்ல உலர்த்தி, ஆனால் மணலையும் வாரி வரும். காற்று வரும் பக்கம் நிழல்வலைத் தடுப்பு கட்டுங்கள். தரப்படி அமிலத்தில் கரையாத சாம்பல், அதாவது ஏறத்தாழ மணல், 2.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நூறு கிலோவுக்கு இரண்டரை கிலோ. காற்றுக் காலத்தில் அதைத் தாண்டுவது மிக எளிது.

மழை வந்தால்

புரட்டாசியில் விதைத்தால் முதல் பறிப்பு கார்த்திகை, மார்கழியில் வரும். வடகிழக்குப் பருவமழை முடியாத நேரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் யாரும் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு எந்தப் பந்தலும் நிற்காது. ஆனால் சாதாரண மழைக்கும் இலையைப் பறிகொடுப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வானிலை அறிவிப்பில் மூன்று நாளுக்குள் மழை என்றால் பறிக்காதீர்கள். செடியிலேயே இலை பத்திரமாக இருக்கும், வாரம் பத்து நாள் தாமதத்தால் சத்துக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. பாதி காய்ந்த இலை இருக்கும்போது மழை பிடித்தால், அதை மூடிக் கட்டாதீர்கள். இதுதான் பலர் செய்யும் தவறு. தார்ப்பாயைப் போர்த்திக் கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உள்ளே வியர்த்து இரண்டு நாளில் பூசணம் பூக்கும். கூரைக்குள் மெல்லியதாகப் பரப்பி மின்விசிறியைப் போட்டுவிடுங்கள், வீட்டுக் கூடமாக இருந்தாலும் சரி. பூசணம் பிடித்ததை மறுபடி காய வைத்து நல்ல சரக்கோடு கலக்க வேண்டாம். எருக்குழியில் போடுங்கள்.

காய்ந்ததா என்று பார்ப்பது

தரப்படி ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 10 சதவீதத்தை ஒட்டி நிறுத்துவது நல்லது. ஈரமானி இல்லாதவர்கள் இலையின் நடு நரம்பை மடக்கிப் பாருங்கள். வளைந்தால் இன்னும் காயவில்லை, சட்டென்று ஒடிந்தால் காய்ந்தது. இலைப்பரப்பு மட்டும் நொறுங்குவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஈரம் கடைசி வரை ஒளிந்திருப்பது நரம்பிலும் காம்பிலும்தான்.

இன்னொரு சோதனை. உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கை இலையையும், வறுத்து ஆற வைத்த தூள் உப்பு இரண்டு கரண்டியையும் போட்டு மூடிக் குலுக்கி, ஒரு மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் பூசணம் பிடிக்கும் அளவு ஈரம் இருக்கிறது என்று பொருள். ஒட்டவில்லை என்றால் முதல் கட்டம் தாண்டியது, அவ்வளவுதான். நரம்புச் சோதனையையும் சேர்த்தே பாருங்கள்.

அதிகம் காய்வதும் நட்டம். 12 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருக்கும் இலை, 8 சதவீதத்துக்கு இறங்கினால் 96 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகவே நிற்கும். நொறுங்கித் தூளாவது தனி. இந்த எடை இழப்பை ஈடுகட்டத்தான் சிலர் மூட்டை கட்டும்போது தண்ணீர் தெளிக்கிறார்கள். ஓரிரு கிலோ எடைக்காக மூட்டையே பூசணத்துக்குப் போய்விடும். வேண்டுமானால் காய்ந்த இலையை ஓர் இரவு பந்தலிலேயே விட்டு, விடியற்காலைக் காற்றில் லேசாகப் பதப்பட்டதும் மூட்டை பிடியுங்கள். நொறுங்காது.

நன்றாகக் காய்ந்த இலை வெளிர்பச்சை முதல் மஞ்சள் கலந்த பச்சை வரை இருக்கும். பழுப்பும் கறுப்பும் தனியே ஒதுக்குங்கள். சல்லடையில் மணலைச் சலித்துவிட்டு, தண்டு, காம்புகளைப் பொறுக்குங்கள். செடியின் பிற பாகங்கள் 3 சதவீதம், வேறு பொருட்கள் 1 சதவீதம் என்பது ஐரோப்பியத் தர வரம்பு. சலிக்கும்போதும் மூட்டை கட்டும்போதும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அவுரித் தூள் நாள்பட மூச்சில் ஏறினால் சிலருக்கு மூச்சிரைப்பு வருகிறது. இது வெளிநாட்டுத் தொழிற்சாலைகளிலும் பதிவான பிரச்சினை.

புதுச் சணல் சாக்கு பயன்படுத்துங்கள். உரச்சாக்கு, பூச்சிமருந்து வந்த சாக்கு கூடவே கூடாது. மூட்டையைச் சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல், இருட்டான உலர்ந்த அறையில் அடுக்குங்கள். உரம், டீசல், கால்நடைத் தீவனம் அதே அறையில் வேண்டாம். சிகரெட் வண்டு என்ற சிறிய பழுப்பு வண்டு மூலிகை மூட்டைகளைத் துளைக்கும். அதற்காக வீட்டோடு சேர்ந்த அறையில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடுவது உயிருக்கு ஆபத்து. மழைக்காலம் தொடங்கும் முன் விற்றுவிடுவதுதான் நமக்குக் கட்டுப்படியாகும் வழி.

காயும் விதையும்

கடைசிப் பறிப்புக்கு முன் செடியில் காய் பிடிக்கும். காய்க்கு இலையைப் போலவே தனிச் சந்தை உண்டு. பச்சை மாறி இளம்பழுப்பு தட்டும்போது பறிக்க வேண்டும். முற்றிலும் பழுத்துவிட்டால் வெடித்து விதை கொட்டும், சத்தும் குறையும். மருந்துப்பொருள் இருப்பது காயின் தோலில். விதையில் அது மிகச் சொற்பம். அதனால் காயை இலையோடு கலக்காமல் தனியே நிழலில் உலர்த்தி, தனி மூட்டையாகப் பிடியுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு விதை வேண்டுமானால் நிலத்தின் ஒரு மூலையில், வாட்டமில்லாத செடிகளாகப் பார்த்து, நூறு செடியை முதலிலிருந்தே இலை பறிக்காமல் விட்டுவையுங்கள். அந்தக் காய்களை மட்டும் செடியிலேயே நன்றாக முற்றவிட்டு, வெடிக்கும் முன் பறித்து, அடித்துத் தூற்றி எடுங்கள். விதையின் தோல் கடினமானது. விதைக்கும் முன் கரடுமுரடான மணலோடு சேர்த்து லேசாகத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் ஒன்றுபோல முளைக்கும்.